வில்லில் ஹெவி மெட்டல்: வயலின், செல்லோ வாசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்ன இது?

1993இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில், சிபேலியஸ் அகாடமியில் மேற்கத்திய செவ்வியல் இசை படித்துக்கொண்டிருந்த நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். நான்கு பேர் கையிலும் செல்லோ. வாசித்ததோ மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாட்டுகள். குழுவின் பெயர் அபோகலிப்டிகா. 1996இல் வந்த முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகள், எட்டும் மெட்டாலிக்காவுடையவை. கிதார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, பாடகரும் கிடையாது. நான்கு வில், பதினாறு தந்தி, அவ்வளவுதான்.

நாம் போகப்போவதும் அந்த வழியில்தான். வயலினோ செல்லோவோ ஓரளவு பிடிக்கத் தெரிந்தால் போதும். மெட்டல் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கேட்டால் உடம்பு தானாக ஆடுகிறதா, அது போதும்.

இந்தப் பக்கம் வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எந்தப் பெடல் வாங்கணும்?" பெடல் என்பது வாத்தியத்தின் சத்தத்தை மாற்றும், காலால் மிதிக்கும் சிறு பெட்டி. இப்போதைக்கு எதுவும் வேண்டாம். அந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் முரட்டுத்தனத்தில் பெரும்பங்கு வில் பிடித்த கையிலிருந்து வருவது. கை பழகுவதற்கு முன்னால் பெடல் வாங்கினால், பழகாத கையின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

ஏன் பொருந்துகிறது?

கிதாரில் மெட்டல் வாசிப்பவர்களின் அடிப்படைச் சொத்து 'பவர் கார்டு'. பெயர்தான் பெரிது. ஒரு ஸ்வரம், அதற்குப் பஞ்சமம், இரண்டையும் சேர்த்து அடிப்பது. நம் பாஷையில் ச‑ப.

செல்லோவின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ச‑ப உறவில்தான் கூட்டப்பட்டிருக்கின்றன. வயலினும் மேற்கத்திய முறையில் அப்படியே. கர்நாடக முறையில் ச‑ப‑ச‑ப என்று கூட்டும்போது கீழ் இரண்டு தந்தி ஒரு ஜோடி, மேல் இரண்டு இன்னொரு ஜோடி. ஆக, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தந்திகள் மேல் ஒரே விரலைப் படுக்கவைத்து வில்லை இழுத்தால் அதுவே பவர் கார்டு. சாதாரணமாகக் கூட்டிய கிதாரில் இதற்கு இரண்டு விரல் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கனமான சத்தம் வேண்டும் என்று மெட்டல் கிதார்காரர்கள் பலர் தந்திகளைத் தளர்த்தி 'டிராப் சி' என்ற கூட்டலுக்கு இறங்குவார்கள். அப்போது அவர்களுடைய கடைசி இரண்டு தந்திகள் சி, ஜி. செல்லோவின் கடைசி இரண்டு தந்திகளும் அதே சி, ஜி, அதே ஸ்தாயி. அவர்கள் இறங்கிவந்து நிற்கும் இடத்தில் செல்லோ முன்னமே உட்கார்ந்திருக்கிறது.

ஏன் ச‑ப மட்டும்? டிஸ்டார்ஷன் என்பது சத்தத்தை அதன் எல்லைக்கு மேல் தள்ளி நசுக்குவது. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து நசுக்கினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஸ்வரங்களாக முளைக்கும். செல்லோவின் சி சுமார் 65 ஹெர்ட்ஸ், ஜி சுமார் 98. கழித்தால் 33. அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி. வாசிக்காத கீழ் ஷட்ஜம் ஒன்று தானாக வந்து உட்காருகிறது. நெஞ்சில் இடிப்பது போல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். காந்தாரத்தையும் சேர்த்துக்கொண்டால் முளைக்கும் ஸ்வரங்கள் பெருகி, எல்லாம் குழம்பிச் சேறாகிவிடும்.

எந்த வாத்தியம்?

கையில் எது இருக்கிறதோ அது. புதிதாக வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் செல்லோ முதல் தேர்வு, ரிஃப் வாசிக்கத் தேவையான கீழ் ஸ்தாயி அதில் இருப்பதால். 'ரிஃப்' என்றால் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்த முதுகெலும்பு வரி.

வயலினில் சிக்கல் இதுதான்: மேற்கத்தியக் கூட்டலில் அதன் கடைசித் தந்தி 196 ஹெர்ட்ஸ். கிதாரின் கடைசித் தந்தி 82. ஒரு ஸ்தாயிக்கும் மேலான பள்ளம். அதனால் வயலினில் சோலோ பிரமாதமாக வரும், ரிஃப் மெலிந்து கேட்கும். இதற்கு மூன்று வழி: ரிஃபை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிட்டுக் கீழ்ப் பகுதியை பேஸ் கிதார்காரரிடம் விடுவது, சத்தத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் 'ஆக்டேவ்' பெடலைப் பின்னால் சேர்ப்பது, கீழே சி தந்தி கூடுதலாக உள்ள ஐந்து தந்தி வயலினுக்கு மாறுவது. முதல் வழிக்குச் செலவில்லை. அதிலேயே தொடங்குவோம்.

மரத்தால் ஆன சாதாரண வாத்தியமே தொடக்கத்துக்குப் போதும். எலக்ட்ரிக் வயலினைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதல் மாதம்: செலவு பூஜ்யம்

முதல் வேலை, சுருதி கூட்டுவது. தந்திக்குத் தந்தி பஞ்சமம் துல்லியமாக இல்லையென்றால், ஒரு விரலைப் படுக்கவைக்கும் எந்த இடத்திலும் பவர் கார்டு அபசுரமாகத்தான் வரும். மெல்லிய பிசகு சாதாரணமாகக் கேட்காது. டிஸ்டார்ஷன் போட்டால் 'வூங் வூங்' என்று அலை அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து வில். கிதார்காரர்கள் உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தி மேல் வைத்து 'ஜக் ஜக்' என்று அடக்கி அடிப்பார்கள். மெட்டலின் உயிர் அந்த அடக்கத்தில் இருக்கிறது. நம் வலது கையில் வில் இருக்கிறது, அந்த வசதி இல்லை. அதை வில்லாலேயே செய்ய வேண்டும்.

வில்லைக் கை பிடிக்கும் பக்கம், அடியில், மூன்று விரல் அகல நாரை மட்டும் பயன்படுத்துங்கள். இழுப்பதற்கு முன்பே நாரைத் தந்தி மேல் அழுத்தி நிறுத்துங்கள். 'கட்' என்று கடித்துத் தொடங்கி, ஓர் அங்குலம் இழுத்து, தந்தியை விட்டு எடுக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். வில் தந்தி மேலேயே இருப்பதால் ஒலி நீளாமல் செத்துவிடும். திறந்த தந்தியில் வாசிக்கும்போது இடது கை விரல்களை அழுத்தாமல் மேலே தொட்டுக்கொண்டால் இன்னும் அடங்கும். முதல் இரண்டு வாரம் இது கதவு கிறீச்சிடுவது போல் கேட்கும். பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

இந்த ஓர் அங்குலம் பழகியதும் தாளத்துக்குப் போவோம். மெட்டலில் அடிக்கடி வரும் 'கேலப்', குதிரைப் பாய்ச்சல், நமக்குச் சொற்கட்டாகச் சொன்னால் எளிது: 'தா தக, தா தக'. சதுஸ்ர நடையில் 'தா' இரண்டு மாத்திரை, 'தக' ஆளுக்கு ஒன்று. முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு சி தந்தியில், வயலினாக இருந்தால் கடைசித் தந்தியில், வில்லால் சொல்லுங்கள்.

இங்கே ஒரு முடிச்சு விழும். ஒரு சொற்கட்டுக்கு மூன்று அடி. வில்லோ மாறி மாறிப் போவது. முதல் 'தா' கீழ்வில்லில் விழுந்தால் அடுத்த 'தா' மேல்வில்லில் விழும். மேல்வில் பலவீனமானவர்களுக்குக் குதிரை நொண்டும். அதனால் மேல்வில்லில் தொடங்கி மட்டுமே தினமும் ஐந்து நிமிடம் வாசியுங்கள். இதைத் தாண்டிய குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

மெட்ரோனோமை 70இல் வையுங்கள். சுத்தமாக வந்தால் நான்கு கூட்டுங்கள். மாத முடிவில் 110 தொட்டால் நல்ல முன்னேற்றம். மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' நிமிடத்துக்கு 200 துடிப்புக்கும் மேலே போகும். அதை இப்போது தொடவே வேண்டாம்.

எந்த ஸ்வரங்கள்?

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. மெட்டலுக்கு வேண்டிய மேளங்களில் பல உங்களுக்கு முன்பே பழக்கமானவை. நிறையப் பாட்டுகள் நடபைரவியின் ஸ்வரங்களில் ஓடும். இருட்டு கூட வேண்டும் என்றால் சுத்த ரிஷபம் வரும். அது தோடியின் ஸ்வரங்கள். கிழக்கத்திய வாசனை வேண்டும் என்று அவர்கள் போகும் இடம் நமக்கு வகுளாபரணம். சரளி வரிசை வாசித்த மாயாமாளவகௌளையைக்கூட அவர்கள் விடவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டபுள் ஹார்மோனிக்'.

ஒன்றை மட்டும் ஓரம் வைக்க வேண்டும்: கமகம். பவர் கார்டில் விரல் அசைந்தால் இரண்டு தந்தியும் சேர்ந்து அசைந்து கூழாகிவிடும். சோலோவில் வேண்டிய மட்டும் அசைத்துக்கொள்ளுங்கள்.

ச‑வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலான தாவல் தனியாகப் பழக வேண்டியது. 1970இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம், முதல் பாட்டு, அந்தத் தாவலின் மேல்தான் நிற்கிறது. அந்தக் குழுவின் கிதார்காரர் டோனி அயோமி, தகரத் தொழிற்சாலை வேலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்கு வலி குறைய வேண்டும் என்று 1971 ஆல்பத்தில் தந்திகளை மூன்று அரைஸ்வரம் தளர்த்தினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கனத்தையே பாணியாக்கிக்கொண்டார்கள்.

முதல் பாட்டு எது?

மெட்டாலிக்காவின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' நல்ல தொடக்கம். மெதுவானது, தொடக்கத்தை விரலால் மீட்டி வாசிக்கலாம், ராகம் வில்லுக்கு இதமானது. அடுத்தது 'என்டர் சேண்ட்மேன்'. நடுத்தர வேகம், ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வரும். மேலே சொன்ன அந்தத் தாவலும் அதில் ஒளிந்திருக்கிறது, கேட்டுக் கண்டுபிடியுங்கள்.

கிதாருக்கான 'டேப்' இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதில் உள்ள எண்கள் கிதாரின் விரல் இடங்கள், நமக்குப் பயன்படாது. ஸ்வரமாக மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அதைவிடக் காதால் பிடிப்பது வேகம். பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு நான்கு அட்சரம் நான்கு அட்சரமாகப் பிடியுங்கள். அசல் சுருதியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ரிஃப் திறந்த தந்தியில் உட்காரும்படி சுருதியை மாற்றுவது தவறே இல்லை.

ஒயர் எப்படி மாட்டுவது?

வரிசை இதுதான்: வாத்தியம், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது), ப்ரீஆம்ப் (அந்த மெல்லிய மின்சாரத்தைத் தாங்கிப் பிடிப்பது), ஆக்டேவ் (வேண்டுமானால்), டிஸ்டார்ஷன், ஆம்ப் (ஸ்பீக்கரோடு கூடிய ஒலிபெருக்கி). ஆக்டேவ் பெடல் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வர வேண்டும். நசுங்கிய சத்தத்தைக் கொடுத்தால் அது ஸ்வரத்தைக் கண்டுபிடிக்கத் திணறும். விலை குறைந்த ஆக்டேவ் பெடல்கள் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் புரிந்துகொள்ளும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். பவர் கார்டு கொடுத்தால் உளறும்.

வயலின், செல்லோ பிக்கப்புகள் பெரும்பாலும் 'பீசோ' வகை. பிரிட்ஜில் ஒட்டியோ செருகியோ வைப்பது. இதை நேராக மிக்ஸரில் செருகினால் கீழ் ஸ்வரமெல்லாம் போய்த் தகரம் போல் கேட்கும். பிக்கப் மேல் பழி போட்டு வேறு வாங்கிவிடாதீர்கள். ஒரு மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப் இடையில் வேண்டும், குறை அங்கேதான்.

டிஸ்டார்ஷன் திருகு. கிதார்காரர் முக்கால்வாசி திருப்பியிருப்பதைப் பார்த்து நாமும் திருப்பக் கூடாது. மீட்டிய தந்தியின் ஒலி மங்கிக்கொண்டே போகும். அதை நீட்டிப் பிடிக்க அவருக்கு அவ்வளவு தேவை. நம் வில் இழுக்கும் வரை ஒலி நிற்கும். மேலும் வில் தேய்த்த தந்தியின் அலை இயல்பாகவே ரம்பப்பல் வடிவம், உபஸ்வரங்கள் நிறைந்தது. அதனால் அவர் வைப்பதில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குவோம். அடி தனித்தனியாகக் கேட்கும் வரைதான் கூட்டலாம்.

இன்னொரு சூட்சுமம். கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள சத்தத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். அந்த ஸ்பீக்கர் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக மண்டபத்து ஸ்பீக்கரில் விட்டால் கொசுக்கூட்டம் போல் இரையும். பல பெடல்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் மல்டி எஃபெக்ட் பெட்டியில் 'கேபினட்' என்றொரு அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்தால் கொசு போய்விடும்.

சம்மணமிட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடல் காலால் மிதிக்கச் செய்தது; உங்கள் இரண்டு காலும் வேலையில் இருக்கும். பெடலை முழங்கால் பக்கத்தில் சிறு பலகை மேல் வைத்துக் கையால் தட்டுங்கள். இல்லையென்றால் நின்று வாசிக்கப் பழக வேண்டும், அது இன்னொரு ஆறு மாதக் கதை.

எவ்வளவு?

தொகைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

வாத்தியம் இருக்கிறது என்றால் முதல் கட்டத்தில் ரோசின் மட்டும், 200 முதல் 500 ரூபாய். அழுத்தி வாசிப்பதால் ரோசின் வேகமாகத் தீரும். வில்லின் நாரும் அறுபடும். நல்ல வில்லை இதற்கு எடுக்காதீர்கள். 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் ஒரு கார்பன் ஃபைபர் வில்லோ ஃபைபர் கிளாஸ் வில்லோ வாங்கி அதையே அடித்துத் தேயுங்கள்.

இரண்டாம் கட்டம், மூன்றாவது மாதத்தில். 500 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒட்டு பிக்கப் வீட்டுப் பயிற்சிக்குப் போதும். பிரிட்ஜில் நிலையாக உட்காரும் நல்ல பிக்கப் அதைப் போலப் பத்து மடங்கு. 7,000 முதல் 10,000 ரூபாய்க்கு ஒரு தொடக்கநிலை மல்டி எஃபெக்ட் பெட்டி. தனித்தனிப் பெடல் வாங்குவதைவிட இதுவே லாபம்: டிஸ்டார்ஷன், ஆக்டேவ், கேபினட் எல்லாம் ஒன்றிலேயே. ஹெட்ஃபோன் மாட்டி வாசித்தால் ஆம்ப் செலவையும் தள்ளிப்போடலாம். ஆக இந்தக் கட்டம் 12,000 ரூபாய்க்குள் முடியும்.

மூன்றாம் கட்டம் மேடை ஆசை வந்த பிறகு. எலக்ட்ரிக் வயலின் 12,000 ரூபாய் அளவிலேயே கிடைக்கும். ஆனால் மலிவானவற்றின் பிக்கப் இரைச்சல் தாங்காது. 25,000 வரை பொறுத்திருந்து வாங்குவது மேல். செல்லோவுக்கு இதைவிட நிறைய ஆகும். பழைய பொருள் விற்பவர்களிடமும் தேடுங்கள். கிதார்காரர்கள் வருடத்துக்கு ஒரு பெடல் மாற்றும் ஜாதி, அவர்கள் கழித்துக்கட்டுவது நமக்குப் புதையல்.

ஆள் சேர்ப்பது

தனியாக வாசித்தால் பாதிதான் கேட்கும். இரண்டு பேர் போதும்: ஒருவர் ரிஃப், ஒருவர் பாடகரின் வரி. மூன்றாமவர் வந்தால் ரிஃபை இரண்டு பேர் ஒரே மாதிரி வாசியுங்கள். மெட்டல் ஒலிப்பதிவில் ஒரே ரிஃபை இரண்டு தடவை வாசித்து இடமும் வலமும் வைப்பது பழைய வழக்கம். அந்த அகலம் நேரடியாகவே கிடைத்துவிடும்.

டிரம்ஸ் அவசரமில்லை. அபோகலிப்டிகாவே டிரம்ஸைச் சேர்த்துக்கொண்டது 2003இல் வந்த நான்காவது ஆல்பத்தில்தான். அதில் சில பாட்டுகளுக்கு ஸ்லேயர் குழுவின் டேவ் லொம்பார்டோ வாசித்தார். டிரம்ஸ் இல்லாதபோது ஒருவர் வில்லின் அடியால் தந்தியைக் கொத்தி 'சக்' என்று ஓசை எழுப்பலாம். 'சாப்' என்பார்கள். அமெரிக்க ஃபிடில் கலைஞர்களிடமிருந்து வந்த உத்தி.

உஷார்!

மர வாத்தியம், டிஸ்டார்ஷன், பெரிய ஆம்ப் மூன்றும் சேர்ந்தால் ஊளை. ஸ்பீக்கர் சத்தம் வாத்தியத்தின் வயிற்றுக்குள் புகுந்து, பிக்கப் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். நண்பர் வீட்டு மாடியில் முதல்முறை நான் ஆம்பைத் திருகியபோது எழுந்த ஊளையில் கீழ்வீட்டு மாமா குக்கர் வெடித்துவிட்டது என்று ஓடிவந்தார். ஸ்பீக்கரைப் பார்த்து உட்காராதீர்கள். வாத்தியத்தின் எஃப் வடிவத் துளைகளை மெல்லிய ஸ்பாஞ்சால் அடையுங்கள், உள்ளே விழாதபடி. வாசிக்காத நேரத்தில் சத்தத்தைத் தானாக மூடும் 'நாய்ஸ் கேட்' அமைப்பை ஆன் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் எலக்ட்ரிக்.

காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம்; ஒத்திகை அறையில் டிரம்ஸ் பக்கத்தில் அது சர்வசாதாரணம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பெடலுக்கு முன்னால்.

அடிக்கடி சுருதி கூட்டுவதால் பிரிட்ஜ் மெல்ல மெல்ல விரல்பலகைப் பக்கம் சாயும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் பார்த்து, நேராக இல்லையென்றால் தந்திகளைச் சற்றே தளர்த்தி இரு கையாலும் நிமிர்த்துங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசித்துப் பழகினால் அந்தப் பிடியே நிலைத்துவிடும். தலையை ஆட்டி வாசிப்பது கழுத்துக்கு வேலை. பாட்டு கைக்கு வந்த பிறகு ஆட்டிக்கொள்ளலாம்.

குரு? சொல்வதா மறைப்பதா என்று பலர் தவிக்கிறார்கள். சொல்லிவிடுங்கள். வில்லின் அடிப்பகுதியில் திடீரென்று வந்த பலத்தை எப்படியும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

முதல் மேடை

மூன்று பாட்டு போதும். முதலாவது மெதுவானதாக இருக்கட்டும். பதற்றத்தில் வில் நடுங்கும்போது வேகமான கேலப் காலை வாரிவிடும். ஒலிச்சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஒலியமைப்பாளரிடம் "கிதார் மாதிரி வையுங்கள்" என்று சொல்லுங்கள். வயலின் என்று கேட்டதும் எக்கோ போட்டு இனிமையாக்கிவிடுவது அவர்கள் வழக்கம். பையில் மாற்றுத் தந்தி ஒரு செட், ப்ரீஆம்புக்கு 9 வோல்ட் பேட்டரி இரண்டு, கூடுதலாக ஒரு ஒயர். இறங்கியதும் தந்தி மேல் படிந்திருக்கும் ரோசின் மாவைத் துணியால் துடைத்து, வில்லின் திருகைத் தளர்த்தி, அதற்கப்புறம் கைகுலுக்கப் போங்கள்.